மலை ஜீப்பின் அடியில் காப்புத் தகடு: எங்கே வெல்டிங் வைக்கலாம், எங்கே கூடவே கூடாது?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பெரியூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஜீப் ஆடம்பரம் அல்ல. காபிப் பழம், மிளகு, மலைவாழை, சவ்சவ், ஆரஞ்சு எதுவானாலும் தோட்டத்திலிருந்து தார்ச் சாலை வரை அதுதான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதன்பிறகுதான் பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் எல்லாம். வடகிழக்குப் பருவமழை பாதையை அரித்துப் பாறையை வெளியே தள்ளிவிட்டுப் போகும். சரியாக அந்தச் சமயத்தில்தான் காபி பறிப்பும் தொடங்கும். வண்டிக்கு அதிக வேலை இருக்கும் மாதங்களும், பாதை மிக மோசமாக இருக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே கூழ் எடுக்க வேண்டும். மூட்டையில் கட்டியபடி கிடந்தால் புளித்து, தரம் இறங்கி, விலை போய்விடும். வெட்டிய வாழைத்தாரும் காத்திருக்காது. நடுவழியில் ஜீப் நின்றால் ஒரு நாள் சரக்கே போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், அதே வண்டியில்தான் பறிப்புக்கு வரும் பெண்களும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், நோயாளிகளும் வருகிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்ற இறக்கத்தில் அச்சு இடம் மாறினால் போவது சரக்கு மட்டுமல்ல.

அதனால்தான் பல விவசாயிகள் வண்டியின் அடியில் கல் இடிக்கும் இடத்தில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்கிறார்கள். யோசனை சரியானதுதான். ஆனால் எங்கே வெல்டிங் வைக்கிறோம் என்பதில் தவறினால், காப்பாற்ற வைத்த தகடே வண்டியை உடைத்துவிடும்.

அடிபடுவது எது?

பழைய ஜீப்புகளில் முன்னும் பின்னும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்தான். பல வண்டிகளில் இந்தப் பட்டைக் கட்டு ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். ஆக்ஸிலின் மேல் கவிழ்த்துப் போட்ட இரண்டு யூ போல்ட்டுகள் கீழே இறங்கி, பட்டைக் கட்டைத் தாண்டி, அடியில் உள்ள கனமான தகட்டில் நுழைந்து, நான்கு நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். இதை மெக்கானிக்குகள் அடித்தகடு அல்லது யூ போல்ட் பிளேட் என்பார்கள். பல வண்டிகளில் ஷாக் அப்சார்பரின் கீழ் முனையும் இதே தகட்டில்தான் மாட்டப்பட்டிருக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் கூண்டை விட்டால், தரைக்கு மிக அருகில் இருப்பவை இந்த எட்டு யூ போல்ட்டுகளின் மரை முனைகளும் நட்டுகளும்தான். கல்லின் மேல் வண்டி ஏறி இறங்கும்போது முதலில் உராய்வது இவைதான்.

உராய்ந்தால் மரை நசுங்கும். நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு ஸ்பானர் பிடிக்காது, போல்ட் தளர்ந்திருந்தாலும் இறுக்க முடியாது. கல்லில் பலமாக இடித்தால் போல்ட்டே வளைந்து, நீண்டு, பிடிப்பு விட்டுப்போகும்.

போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்?

பட்டைக் கட்டின் நடுவில் சென்டர் போல்ட் என்று ஒன்று உண்டு. பட்டைகளை ஒன்றாகக் கோத்து வைப்பதும், ஆக்ஸில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று காட்டுவதும்தான் அதன் வேலை. பளுவைத் தாங்குவதும் அச்சைப் பிடித்து நிறுத்துவதும் யூ போல்ட்டின் இறுக்கம்தான்.

யூ போல்ட் தளர்ந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போதும் மேடேறும்போதும் வரும் இழுவை முழுவதும் அந்த மெல்லிய சென்டர் போல்ட் மேல் விழும். சில நாள் தாங்கும், பிறகு அறுந்துவிடும். அறுந்ததும் ஒரு பக்கச் சக்கரம் பின்னால் நகரும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், ஸ்டீயரிங் நேராக நிற்காது. அச்சு அதிகம் நகர்ந்தால் பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்துபோகலாம். இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போவதன் காரணம் சில நேரம் கல்லில் உராய்ந்த ஒரு நட்டாகவே இருந்துவிடும்.

ஆகவே காப்புத் தகடு வைப்பதன் நோக்கம் இரண்டு. ஒன்று, மரையையும் நட்டையும் கல்லில் படாமல் காப்பது. இன்னொன்று, கல் வந்து முட்டி நிற்காமல் அடிப்பாகம் அதன் மேல் சறுக்கிப் போகச் செய்வது.

பட்டையில் ஏன் வெல்டிங் கூடாது?

மலையடிவாரப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

“தம்பி, எதுக்கு இத்தனை கழட்டுற? பட்டைக்கு அடியிலயே ஒரு தகட்ட வச்சு நாலு எடத்துல பத்த வச்சு விட்ரு. சாயங்காலம் லோடு ஏத்தணும்.”

“அண்ணே, பட்டையில தீ பட்டா பட்டை போச்சுண்ணே. இன்னிக்கு நல்லா இருக்கும், பத்து நாள் கழிச்சு மேட்டுல ஒடியும். அப்ப நான் அங்க இருக்க மாட்டேன், நீங்கதான் இருப்பீங்க.”

அந்தப் பட்டறைக்காரர் சொல்வதுதான் சரி. ஸ்பிரிங் பட்டை சாதாரண இரும்பு அல்ல. கரிமமும் சிலிக்கனும் கூடுதலாகச் சேர்ந்த உருக்கு. அதைச் செந்தணலாகக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்தி, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். வளைந்து திரும்பும் குணம் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. நம்மூர்க் கொல்லர் அரிவாளுக்குத் தண்ணீர் காட்டுவதைப் போன்றதுதான் இதுவும்.

அதில் வெல்டிங் பட்டால், பட்ட இடத்தை ஒட்டி உருக்கு கண்ணாடிபோலக் கடினமாகி, எளிதில் விரிசல் விடும். அதற்குச் சற்றுத் தள்ளி பதம் இறங்கி மெத்தென்று ஆகும். ஒரு பட்டை ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்கிறது. விரிசல் எங்கே தொடங்கினாலும் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பிறகு திடீரென்று ஒடியும். வெல்டிங் பொறி தெறித்து ஒட்டினாலும், ராடைப் பட்டையில் உரசிப் பற்ற வைத்தாலும் இதே ஆபத்து உண்டு.

வெல்டிங் வைக்கவே கூடாத இடங்கள்:

• ஸ்பிரிங் பட்டைகள்
• யூ போல்ட், அதன் நட்டு, சென்டர் போல்ட்
• சாக்கிள் பின், அதைத் தாங்கும் புஷ் உள்ள இடங்கள்
• டை ராட், டிராக் லிங்க் போன்ற ஸ்டீயரிங் பாகங்கள்
• பிரேக் குழாய் ஓடும் இடத்தை ஒட்டிய பகுதி
• வார்ப்பு இரும்பில் செய்த எந்தப் பாகமும்

வெல்டிங் வைக்கலாம் என்றால் அது அடித்தகட்டில் மட்டும்தான். அதையும் வண்டியிலிருந்து கழற்றி, மேசை மேல் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

செலவில்லாத முதல் வேலை

தகடு வெட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். யூ போல்ட்டின் முனை நட்டுக்கு வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது? பல வண்டிகளில் ஒரு அங்குலத்துக்கு மேல் தொங்கும். நட்டுக்கு வெளியே மூன்று மரை தெரிந்தால் போதும். மிச்சத்தை ஹேக்சா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்துவிடலாம். கேஸ் கட்டிங் வேண்டாம், அந்தச் சூடு போல்ட்டின் பதத்தைக் கெடுக்கும். இந்த ஒரு வேலையிலேயே அரை அங்குலம் வரை இடைவெளி கூடும். கரடுமுரடான பாதை கொஞ்ச தூரம்தான் என்றால் இதுவே போதுமானதாக இருக்கும்.

அடுத்தது பாரம். அளவுக்கு மேல் மூட்டை ஏற்றினால் பட்டை தட்டையாகி, வண்டியின் உடல் இறங்கும். பம்பர், படி, சைலன்சர் எல்லாம் தரையை நோக்கி வரும். பட்டை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் காப்புத் தகடு அதற்கு மருந்து ஆகாது. முதலில் பட்டைக் கட்டை மாற்ற வேண்டும்.

காப்புக் கால் செய்யும் முறை

எளிய, பழுது பார்க்கவும் வசதியான முறை இரட்டைச் சறுக்குக் கால். அடித்தகட்டின் கீழே, நட்டுகளுக்கு வெளிப்புறமாக, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்தி வெல்டிங் வைப்பது. சக்கரமில்லாத சறுக்கு வண்டியின் கால்களைப் போல இருக்கும். நடுப்பகுதி திறந்திருப்பதால், நட்டை இறுக்க பாக்ஸ் ஸ்பானர் தாராளமாக நுழையும். முழுவதும் மூடிய பெட்டிபோலச் செய்தால் உள்ளே சேறு அடைந்து நட்டு துருப்பிடிக்கும், தளர்ந்தது கண்ணிலும் படாது.

1. அளவு: அடித்தகட்டின் கீழ் மட்டத்திலிருந்து போல்ட் முனை வரை அளந்துகொள்ளுங்கள். அதோடு 10 மி.மீ. கூட்டுங்கள். போல்ட் 30 மி.மீ. நீண்டிருந்தால் 40 மி.மீ. அகலமும் 10 மி.மீ. கனமும் உள்ள எம்.எஸ். பட்டை சரியாக இருக்கும். அதற்கு மேல் உயரம் வைத்தால் கல்லுக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளிதான் குறையும்.

2. நீளம்: ஒரு காலுக்கு சுமார் 30 செ.மீ. இரண்டு முனையையும் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். 40 மி.மீ. உயரத்துக்கு இந்தச் சாய்வு ஒவ்வொரு முனையிலும் சுமார் 7 செ.மீ. நீளம் எடுக்கும். முனை செங்குத்தாக இருந்தால் கல் முட்டி நிற்கும், அந்த அடி முழுவதும் யூ போல்ட்டுக்குப் போகும். மலையில் பின்னோக்கி எடுப்பதும் அடிக்கடி நடப்பதால், பின்முனைக்கும் சாய்வு கட்டாயம்.

3. சாய்வுத் தகடு: முன்னும் பின்னும் இரண்டு கால்களையும் இணைத்து, அந்தச் சாய்வின் மேல் 6 மி.மீ. தகட்டை 10 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். விளிம்புகளை கிரைண்டரால் உருட்டிவிடுங்கள்.

4. பட்டைக்கு இடைவெளி: காலின் முனை எக்காரணம் கொண்டும் அடித்தகட்டின் கீழ் மட்டத்துக்கு மேலே ஏறக் கூடாது. பட்டை முழுப் பாரத்தில் நிமிரும்போது காலின் முனையில் தட்டினால், அந்த இடமே முட்டுக்கட்டையாகி அங்கேதான் பட்டை ஒடியும். வெறும் வண்டியில் பார்த்தது போதாது. பாரம் ஏற்றியும் குனிந்து பார்க்க வேண்டும்.

கனக்கு அதிகம் ஆகாது. 6 மி.மீ. தகடு ஒரு சதுர அடிக்குச் சுமார் 4.4 கிலோ. 40 க்கு 10 மி.மீ. பட்டை ஒரு மீட்டருக்குச் சுமார் 3.1 கிலோ. நான்கு பக்கத்துக்கும் எட்டுக் கால்களும் எட்டுச் சாய்வுத் தகடுகளும் சேர்த்து 10 கிலோவை ஒட்டித்தான் வரும். உள்ளூர் இரும்புக் கடை விலையால் பெருக்கினால் பொருள் செலவு தெரிந்துவிடும். புது யூ போல்ட், நட்டு, பட்டறைக் கூலி தனி.

அடித்தகடு எந்த இரும்பு?

கழற்றிய தகட்டின் ஓரத்தில் கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சாதாரண இரும்பென்றால் பொறி நீளமாக, வெளிர் மஞ்சளாகப் பறக்கும். வார்ப்பு இரும்பென்றால் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக இருக்கும். வார்ப்பு என்று தெரிந்தால் வெல்டிங் வேண்டாம். அதே அளவில், அதே துளையில் கனமான எம்.எஸ். தகட்டை லேத் பட்டறையில் செய்து வாங்குங்கள். ஷாக் அப்சார்பர் பின் அந்தத் தகட்டில் இருந்தால், அதன் அளவும் கோணமும் மாறாமல் அனுபவமுள்ளவர்தான் செய்ய வேண்டும்.

வெல்டிங் மேசையில்

பெயின்ட், துரு, கிரீஸ் எல்லாவற்றையும் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்த பிறகே வெல்டிங். இந்தக் கனத்துக்கு 3.15 மி.மீ. ராடு ஏற்றது. 6013 ராடு எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும். அடி வாங்கும் இடம் என்பதால் 7018 ராடு இன்னும் நல்லது. ஆனால் 7018 ராடு ஈரம் பட்டால் கெட்டது. மலைப் பனியில் திறந்து கிடந்த ராடை அப்படியே எடுத்துப் பிடித்தால் உள்ளுக்குள் விரிசல் வரும். காய்ந்த ராடு இல்லையென்றால் நல்ல 6013 ராடே மேல்.

முதலில் ஆங்காங்கே புள்ளி வைத்து, அளவு சரிபார்த்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் தகடு வளைந்துவிடும். வளைந்த தகடு பட்டைக் கட்டின் மேல் சமமாக உட்காராது. இன்று எவ்வளவு இறுக்கினாலும் நாளை தளரும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம், தானாக ஆறட்டும். ஆறிய பின் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் சரிசெய்த பிறகே மாட்ட வேண்டும்.

வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கலாம். பட்டையோடு ஒட்டி உட்காரும் பக்கம் கனமாக அடிக்கக் கூடாது. பாரத்தில் அந்தப் பெயின்ட் நசுங்கி, இறுக்கம் குறையும்.

கழற்றும்போதும் மாட்டும்போதும்

• சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுங்கள். சேஸிஸுக்கு ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது.

• ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் கழற்றினால் அச்சு உருண்டு, மீண்டும் பொருத்துவது கடினம்.

• பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். ஒரு முறை இறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடிப்பைத் தராது. புது நட்டும் சேர்த்து வாங்குங்கள்.

• சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் உள்ள குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள்.

• நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கம். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். டார்க் ஸ்பானர் உள்ள பட்டறையில் செய்வது நல்லது.

• முதல் 50 கி.மீ. ஓடியதும், பிறகு 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை சேற்றைக் கழுவி, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கால் தேய்ந்து போல்ட் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

டிஃபரன்ஷியல் கூண்டும் எண்ணெய்த் தட்டும்

‘கையோடு கூண்டுக்கும் ஒரு தகடு’ என்று பலர் கேட்கிறார்கள். கூண்டின் மூடியில் வெல்டிங் வைத்தால் சூட்டில் அது வளைந்து, பேக்கிங் பிடிக்காமல் எண்ணெய் ஒழுகும். வார்ப்புக் கூண்டு என்றால் விரிசலே விடலாம். கூண்டுக்குத் தகடு வேண்டுமென்றால் ஆக்ஸில் குழாயைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு, போல்ட்டால் மாட்டுவதே சரி.

என்ஜின் எண்ணெய்த் தட்டுக்கு அடியில் போடும் தகட்டையும் சேஸிஸில் போல்ட் போட்டே மாட்டுங்கள். எண்ணெய் மாற்றத் துளை, சேறு கழுவி வடிய துளை இரண்டும் வேண்டும். காய்ந்த புல்லும் சருகும் அந்தத் தகட்டின் மேல் சேர்ந்து, சூடான சைலன்சர் குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும். காட்டை ஒட்டிய பாதையில் ஓடும் வண்டிக்கு இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பாதையையும் கவனியுங்கள்

பாதை அரித்துப்போவதன் காரணம் தண்ணீர். பட்டா நிலத்துக்குள் போகும் பாதையில் சரிவு உள்ள இடங்களில் ஆங்காங்கே குறுக்கே சாய்வாகச் சிறு வரப்பு அல்லது கல் பதித்த ஓடை அமைத்தால், மழைநீர் பாதை வழியே ஓடாமல் ஓரமாக வடிந்துவிடும். வடியும் இடத்தில் வெட்டிவேர் நட்டால் மண் பிடிக்கும். துருத்திக்கொண்டிருக்கும் கற்களை ஐப்பசிக்கு முன் ஒரு நாள் ஆள் வைத்து அகற்றினால், வண்டிக்குச் செய்யும் செலவில் பெரும்பகுதி மிச்சம். வனத்துறை நிலத்தில் போகும் பாதையில் மட்டும் அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

வாசகர் கேள்விகள்

*டிராக்டர் டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது. வெல்டிங் வைத்து இந்தப் போகத்தை ஓட்டிவிடலாமா?*

கூடாது. மேலே சொன்ன அதே காரணம்தான். ஒட்டிய பட்டை பாரத்தில் மறுபடி ஒடியும், நெல் மூட்டையோடு டிரெய்லர் சாயும். ஒடிந்த பட்டையை மட்டும் அதே அகலம், கனம், வளைவில் வாங்கி மாற்றலாம். பெரிய பட்டை ஒடிந்திருந்தால் மற்றவற்றிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

*எங்களிடம் இருப்பது புது மாதிரி பிக்கப். முன்பக்கம் பட்டை இல்லை. அதற்கும் இப்படிச் செய்யலாமா?*

முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் வண்டிகளில் கீழ்க் கையில் வெல்டிங் வைக்காதீர்கள். அது அளவாகப் பதப்படுத்திய பாகம். வளைந்தால் சக்கரத்தின் கோணமே மாறும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். குறுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டும் தகடுதான் ஏற்றது. இவ்வகை வண்டியில் வேறு எங்கே வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் மின்னணுப் பாகங்கள் கருகிவிடும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் சக்கரத்தின் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் குழி விழச் செய்யும்.

*டீசல் டேங்கில் ஓட்டை. காலி செய்துவிட்டு வெல்டிங் வைக்கலாமா?*

காலி டேங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி பொறி பட்டால் வெடிக்கும். பூச்சிமருந்து வந்த இரும்பு டிரம்முக்கும் இதே விதி. அதை வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது, கிளம்பும் புகையே நஞ்சு. டேங்கை மாற்றுங்கள், அல்லது அதை முறையாகக் கழுவி, ஆவி நீக்கிப் பழுது பார்க்கும் இடத்தில் கொடுங்கள்.

*பழைய ஜி.ஐ. தகடு வீட்டில் கிடக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?*

அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெண்புகையாக வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்பு வலி வரும். வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சை முழுவதும் தேய்த்து எடுக்காமல் செய்யாதீர்கள். அந்தத் தகடு பெரும்பாலும் மெல்லியது, இந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று, பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த திரவத்தால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் நச்சு வாயு உண்டாகும். சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்துச் செய்வதே பாதுகாப்பு.

*வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு ராத்திரி கண்ணில் மண் விழுந்த மாதிரி எரிச்சல். என்ன செய்வது?*

வெல்டிங் ஒளி பட்டுக் கண்ணின் மேற்பரப்பு வெந்துபோவதால் வருவது இது. பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் கண்ணில் விட வேண்டாம். கண்ணைக் கசக்காமல், இருட்டான இடத்தில் மூடிவைத்து, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாமல் இருப்பது அதைவிட நல்லது.

*இப்படித் தகடு வைத்தால் ஆர்.டி.ஓ. அபராதம் போடுவாரா?*

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு சொல்கிறது. பம்பருக்கு முன்னால் நீட்டி வைக்கும் குழாய்க் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அடித்தகட்டில் வைக்கும் சறுக்குக் கால் வண்டியின் நீள அகலத்தையோ, பட்டைகளின் எண்ணிக்கையையோ மாற்றுவதில்லை. ஆனாலும் வேலைக்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தகுதிச் சான்று வாங்க வேண்டிய வண்டி என்றால் அது கட்டாயம். பட்டையைக் கூட்டி வண்டியை உயர்த்துவது, அகலமான டயர் போடுவது ஆகியவை இதில் சேராது. அவற்றைச் செய்துவிட்டு, ‘காப்புத் தகடுதான்’ என்று சொல்ல முடியாது.

*இத்தனைக்குப் பிறகு ஜீப்பில் கூடுதலாக ஆள் ஏற்றலாமா?*

முடியாது. காப்புக் கால் கல்லிலிருந்து நட்டைக் காக்கும், அவ்வளவுதான். வண்டியின் பாரம் தாங்கும் சக்தியை அது ஒரு கிலோகூடக் கூட்டாது. பதிவுச் சான்றில் எழுதியுள்ள எண்ணிக்கைதான் எல்லை. பறிப்புக் காலத்தில் ஒரு நடை கூடுதலாக அடித்தாலும் டீசல் செலவு மட்டும்தான்.